கயிறு கட்டாத சாவி

புது வண்டி வந்து இறங்கிய அன்று டிரைவர் வெண்ணெய் செய்த முதல் காரியம், சாவி போடும் துவாரத்தைத் தேடியதுதான். ஸ்டியரிங்குக்குக் கீழே தடவினார். வலப்பக்கம் தடவினார், இடப்பக்கம் தடவினார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுக்கொண்டு, குனிந்து, இருட்டுக்குள் எட்டிப் பார்த்தார். இருந்தால்தானே கிடைக்கும்.

“என்னண்ணே தேடறீங்க?” என்றாள் முதலாளியம்மா.

“சாவி போடற ஓட்டைம்மா.”

“அதெல்லாம் இதுல கிடையாது. சாவி உங்க சட்டைப் பையில இருந்தாப் போதும், வண்டி தானாத் தெரிஞ்சுக்கும். பிரேக்கை மிதிச்சுக்கிட்டு இந்தப் பொத்தானை அமுக்குங்க. அவ்வளவுதான்.”

வெண்ணெய்க்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் சட்டைப் பையில் என்ன இருக்கிறது என்று கட்டிய மனைவிக்கே இத்தனை வருஷத்தில் தெரிந்ததில்லை. நேற்று வந்த வண்டிக்கு எப்படித் தெரியும்?

அவள் நீட்டிய சாவியைப் பார்த்ததும் இருந்த கொஞ்ச நஞ்ச தைரியமும் போய்விட்டது. சாவி என்றால் அதற்குப் பல் இருக்க வேண்டும், தண்டு இருக்க வேண்டும், ஆட்டினால் சத்தம் வர வேண்டும். இதுவோ கறுப்பாக, வழவழவென்று, ஆற்றில் உருண்ட கூழாங்கல் மாதிரி உள்ளங்கையில் கிடந்தது. ஓரத்தில் பொத்தான் போல ஏதோ ஒன்று. பழைய வண்டியின் சாவியை அவர் ஒரு நைலான் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருப்பார். அந்தக் கயிற்றையே இதற்கும் கட்டலாம் என்று கழற்றினார். முதலாளியம்மா முகத்தைச் சுளித்தாள்.

“மாட்டுக்குக் கட்டற மாதிரி இதுக்கும் கயிறாண்ணே? நாலு பேர் அழுதுக்கிட்டிருக்கிற வீட்டுக்குப் போறோம். பார்க்க ஒரு மரியாதையா இருக்க வேணாமா? பையில போட்டுக்குங்க.”

முதலாளி சொன்ன பிறகு அப்பீல் ஏது? கயிறு அவர் வீட்டு ஆணியில் தொங்கப் போய்விட்டது.

அவர் ஓட்டுவது அமரர் ஊர்தி. இறந்தவர்களைப் பெட்டியில் வைத்து வீட்டிலிருந்து தகனக் கூடத்துக்குக் கொண்டுபோகும் வண்டி. இப்போதைய முதலாளியம்மாவின் அப்பா காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். சேர்ந்த அன்று அந்தப் பெரிய முதலாளி காலிப் பெட்டியின் மேல் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்து, “ஊரைச் சுத்திக்கிட்டு வா” என்றாராம். திரும்பி வந்தபோது ஒரு சொட்டு சிந்தவில்லை. அன்றைக்கு விழுந்த பெயர்தான் வெண்ணெய். வண்டி வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும் என்று அர்த்தம். கோபத்தில் இருப்பவர்கள் அதே பெயரை வேறு அர்த்தத்தில் சொல்வார்கள்; முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் ஒன்று நிச்சயம். செத்தவர்களுக்கு வலிக்காது என்று யாராவது சொன்னால் அவருக்குப் பொல்லாத கோபம் வரும். கிளட்சை அவர் விடுகிற விதத்தில், வண்டி கிளம்பியதே உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. அவருக்கிருந்த ஒரே பெருமை அது.

புது வண்டியில் கிளட்ச் இல்லை.

கியரைத் தானே போட்டுக்கொள்ளும் வண்டி. ‘டி’ என்ற எழுத்துக்குத் தள்ளிவிட்டால் போகும், ‘பி’ என்ற எழுத்துக்குத் தள்ளிவிட்டால் நிற்கும். குழந்தை ஓட்டும் என்றாள் முதலாளியம்மா. குழந்தை ஓட்டும்தான், அதற்குக் கிளட்ச் மிதித்துப் பழகிய இடது கால் கிடையாதே. வெண்ணெயின் இடது காலுக்குச் சொல்பேச்சு கேட்கும் பழக்கம் இல்லை. இரண்டாம் நாள், ஒரு சிக்னலில் வண்டி வேகம் குறைகிற நேரம், அது பாட்டுக்கு எழுந்து கிளட்சைத் தேடியது. கிடைத்தது அகலமான பிரேக். கிளட்சை மிதிக்கிற வேகத்தில் ஓங்கி ஒரு மிதி. வண்டி குத்திட்டு நின்றது. பின்னால் பெட்டி சறுக்கி வந்து, அவர் தலைக்குப் பின்னாலிருந்த தடுப்பில் டமாரென்று மோதியது.

அந்தச் சத்தம் வெண்ணெயின் முதுகெலும்பு வழியாக இறங்கியது. “ஐயோ, மன்னிச்சிருங்க, மன்னிச்சிருங்க” என்று திரும்பிப் பெட்டியைப் பார்த்துக் கும்பிட்டார். பின்னால் காரில் வந்த இறந்தவரின் மகள் அதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டாள். புகார் போனது.

“ரொம்ப நாள் இருந்தவங்க, எனக்கும் மனசு கேக்கலைண்ணே,” என்றாள் முதலாளியம்மா. “ஆனா இது நம்மள நம்பித் தர்ற காரியம். இன்னொரு புகார் வந்துச்சுன்னா சாவியை என் தம்பிகிட்டக் கொடுத்திருங்க. நீங்க ஆபீஸ்ல போன் எடுங்க. நாளைக்கு நானே உங்க பின்னாடி கார்ல வந்து பார்க்கறேன்.”

தம்பிக்காரன் ஸ்பேர் சாவியை ஏற்கெனவே விரலில் சுழற்றிக்கொண்டுதான் திரிந்தான். வெண்ணெய்க்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. போன் எடுப்பதாம்! மணி அடிக்கும்போது வருகிற அழுகையை அவரால் தாங்க முடியாது. அழுது முடித்தவர்களோடு ஊமையாக வண்டி ஓட்டத்தான் அவருக்குத் தெரியும்.

மறுநாள் போன வீடு ஓர் அச்சகத்துப் பெரியவருடையது. வாழ்நாளெல்லாம் அச்சு இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே நின்று காது மந்தமாகிப்போன மனிதர். விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார். படுக்கையறை சின்னது, கட்டில், அலமாரி, ஜன்னலோரம் ஒரு மேஜை. கட்டிலுக்குப் பக்கத்தில் இரண்டு முக்காலிகளைப் போட்டு அதன் மேல் பெட்டியை வைத்தார்கள் வெண்ணெயும் அவருடைய கூட்டாளி நெட்டையும். நெட்டை பெயருக்கேற்ற உயரம். எந்த வீட்டு நிலையிலும் ஒரு முறை இடித்துக்கொள்ளாமல் வர மாட்டான்.

பெரியவரின் மனைவி அழவில்லை. மேஜை இழுப்பறைகளை ஒவ்வொன்றாக இழுத்துத் தேடிக்கொண்டிருந்தார். அலமாரியைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

“விடும்மா,” என்றான் மகன். “இனிமே அது எதுக்கு? மணியாகுது.”

“எதுக்குன்னு உனக்குத் தெரியாது,” என்றார் அந்தம்மா. பிறகு வெண்ணெயிடம் திரும்பி, “பார்த்துத் தூக்குங்க தம்பி. அவருக்குக் காது கேக்காது. நீங்க சொன்னது புரிஞ்சா, கட்டை விரலைத் தூக்கிக் காட்டுவார்” என்றார்.

மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வெண்ணெய், “சரிங்கம்மா” என்றார். வேறு என்ன சொல்ல?

வெண்ணெய் தோள் பக்கம், நெட்டை கால் பக்கம். மெத்தையிலிருந்து தூக்கி, பெட்டிக்கு மேலே கொண்டுவந்து, பூவை வைப்பதுபோல் உள்ளே இறக்கினார்கள். தலைக்குக் கீழே தலையணையைச் சரிசெய்ய வெண்ணெய் நன்றாகக் குனிய வேண்டியிருந்தது. நிமிர்ந்தபோது தரையில் ‘டொக்’ என்று ஒரு சத்தம். கலைந்த படுக்கை விரிப்பின் நுனிக்குக் கீழே, கறுப்பாக, வழவழவென்று ஒன்று கிடந்தது.

கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. பை காலி.

 முதலாளியம்மா வாசலில்தான் நிற்கிறாள். குனிந்த வேகத்தில் சாவி விழுந்திருக்கிறது! யார் கண்ணிலும் படுவதற்குள் சட்டென்று எடுத்து, தூசியைத் துடைத்து, பையில் போட்டுப் பட்டனையும் மாட்டினார். ‘இந்த மரியாதைக்குத்தான் கயிறு வேணாம்னாங்களாக்கும்’ என்று மனசுக்குள் முணுமுணுத்துக்கொண்டார்.

மூடியைப் போடுவதற்கு முன் அந்தம்மா, “ஒரு நிமிஷம்” என்றார். பெட்டியின் மேல் குனிந்தார். கணவரின் தோளுக்குப் பக்கத்தில் கையை விட்டார், ஏதோ செய்தார், அவர் சட்டைப் பையின் பட்டனை மாட்டிவிட்டார். புருஷன் பெண்சாதி விஷயத்தை நாம் பார்க்கக் கூடாது என்று வெண்ணெய் சுவரைப் பார்த்து நின்றார். அந்தச் சுவரைப் பார்த்ததை நினைத்து அன்றைக்கே அவர் எத்தனை முறை தலையில் அடித்துக்கொண்டார் என்பதற்குக் கணக்கில்லை.

மூடி ஏறியது. நெட்டை திருகாணிகளை முடுக்கினான். பெட்டி வண்டிக்குள் போனது.

வெண்ணெய் உட்கார்ந்து, வலது காலால் பிரேக்கை மிதித்து, பொத்தானை அமுக்கினார். வண்டி சமர்த்தாகக் கிளம்பியது. சட்டைப் பையை ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார். பிறகு இடது காலை இருக்கைக்கு அடியில் மடக்கி வைத்துக்கொண்டார்.

“நெட்டை, என் இடது காலையே பார்த்துக்கிட்டு வா. அசைஞ்சா சொல்லு.”

“ரோட்டை யாரு பார்க்கறது அண்ணே?”

“அதை நான் பார்த்துக்கறேன்.”

முதல் சிக்னலில் கால் துடித்தது. “அண்ணே, எந்திரிக்குது!” என்றான் நெட்டை. வெண்ணெய் பல்லைக் கடித்து அதை அடக்கினார். இரண்டாவது சிக்னலில் நெட்டை அதன் மேல் தன் காலையே தூக்கி வைத்துவிட்டான். பாலத்து ஏற்றம், பள்ளிக்கூடத்து வேகத்தடை, காய்கறிச் சந்தை முனை எல்லாவற்றையும் கடந்து தகனக் கூடத்து முகப்பில் வண்டி நின்றபோது, நின்றது வெண்ணெய்க்கே தெரியவில்லை. பின்னால் காரிலிருந்து இறங்கிய முதலாளியம்மா அவரைப் பார்த்து லேசாகத் தலையாட்டினாள். வெண்ணெய்க்கு அழுகை வந்துவிட்டது. பொத்தானை அமுக்கி வண்டியை அணைத்துவிட்டு, கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

பெட்டியைத் தள்ளுவண்டியில் வைத்துக் கூடத்துக்குள் கொண்டுபோனார்கள். உலைக்காரர் வாசலில் நின்றார். எல்லாரிடமும் கேட்பதை இவரிடமும் கேட்டார்.

“வெண்ணெய், உள்ள பேட்டரி கீட்டரி ஒண்ணும் இல்லையே?”

“இல்லை.”

“நல்லாப் பார்த்தியா?”

“நாந்தான் படுக்க வச்சேன். இல்லைங்கறேன்ல.”

உலைக்காரர் கேட்பதில் காரணம் இருந்தது. போன வருஷம் யாரோ ஒரு பேரன் தாத்தாவின் கையில் ரேடியோவைக் கொடுத்து அனுப்பிவிட்டான். உலைக்குள் அது வெடித்தது. கதவு அதிர்ந்து, வெளியே நின்ற சொந்தக்காரர்களில் ஒருவர் மயங்கி விழுந்தார். அந்தத் தாத்தாவை நினைத்து உலைக்காரர் ஒரு வாரம் வேலைக்கே வரவில்லை.

வெண்ணெய் வெளியே வந்தார். அடுத்த ஊர்தி முகப்புக்கு வெளியே காத்து நின்றது. வழி விட வேண்டும். ஏறி உட்கார்ந்தார், பிரேக்கை மிதித்தார், பொத்தானை அமுக்கினார்.

ஒன்றும் நடக்கவில்லை. பீப், பீப் என்று ஒரு சத்தம் மட்டும். எதிரே திரையில் ஒரு சாவிப் படமும் அதன் குறுக்கே ஒரு கோடும் வந்தன.

“என்ன, கண்ணு தெரியலையா உனக்கு? இதோ இருக்கு,” என்று பையைத் தட்டினார். வண்டிக்குத் தெரியவில்லை. பட்டனைக் கழற்றி, அதை எடுத்து, திரைக்கு எதிரே நீட்டிக் காட்டினார். பீப். பின்னால் காத்திருந்த ஊர்திக்காரர் மெதுவாக ஒரு ஹாரன் கொடுத்தார். வெண்ணெய்க்கு வியர்த்தது. ஓரத்தில் ஏதோ பொத்தான் இருந்ததே, அதை அமுக்கினால் ஒருவேளை கேட்கும் என்று கட்டை விரலால் அமுக்கினார்.

சாவி வாயைத் திறந்தது.

உள்ளே, பஞ்சு மாதிரி ஒரு மெத்தையில், தோல் நிறத்தில், அவரை விதை அளவில் இரண்டு காது மிஷின்கள் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்தன.

பேயறைந்தது என்பார்களே, அப்படி உட்கார்ந்திருந்தார் வெண்ணெய். என்ன பார்க்கிறோம் என்பதே கொஞ்ச நேரம் மண்டையில் ஏறவில்லை. மூடினார். திறந்தார். இரண்டும் அங்கேயேதான் இருந்தன. அந்தம்மா இழுப்பறை இழுப்பறையாகத் தேடியது இதைத்தான். படுக்கை விரிப்புக்குள் சிக்கியிருந்து, பெரியவரைத் தூக்கும்போது கீழே விழுந்திருக்கிறது. இதைத்தான் அவர் சாவி என்று பொறுக்கிப் பையில் போட்டு, பட்டன் வேறு மாட்டி, வழியெல்லாம் தட்டிக் கொடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

அப்படியானால் சாவி?

வண்டி வீட்டு வாசலில் கிளம்பியதே. சாவி வண்டிக்குள் இருந்ததால்தானே கிளம்பியது? இப்போது கிளம்பவில்லை. வீட்டிலிருந்து வந்து, இப்போது வண்டிக்குள் இல்லாமல் போனது ஒன்றே ஒன்றுதான்.

 தலையணையைச் சரிசெய்யக் குனிந்தாரே! மெத்தென்ற பஞ்சில் விழுந்தது சத்தம் போடுமா என்ன. சாவி பெட்டிக்குள் இருக்கிறது. அதற்குள் பேட்டரி இருக்கிறது. இல்லை, இல்லை என்று இரண்டு தடவை அடித்துச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

நெட்டை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். “என்னண்ணே, முகம் வெளுத்துப் போச்சு?”

வெண்ணெய் அந்தச் சின்னக் கறுப்புப் பெட்டியைத் திறந்து காட்டினார். நெட்டைக்குப் புரிய ஒரு நொடி ஆனது. புரிந்ததும் தலையை வெடுக்கென்று இழுத்து ஜன்னல் சட்டத்தில் இடித்துக்கொண்டான்.

“அண்ணே, யாருகிட்டயும் சொல்லாதீங்க,” என்று கிசுகிசுத்தான். “தம்பிக்கு நான் போன் பண்றேன். ஸ்பேர் சாவி வந்துரும். தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிக்கலாம். இவ்வளவு சின்ன பேட்டரி வெடிச்சா யாருக்குக் கேக்கப் போகுது?”

யாருக்குக் கேட்கப் போகிறது என்பதைக் கேட்டதும் வெண்ணெய்க்கு அந்தம்மா ஞாபகம் வந்தது. பார்த்துத் தூக்குங்க தம்பி என்று சொன்னாரே. பாலத்திலும் வேகத்தடையிலும் துளி அதிராமல் கொண்டுவந்த மனிதரை, உள்ளே அனுப்பி நெஞ்சுக்குப் பக்கத்தில் வெடி வைப்பதா? வேலை போனால் போகட்டும் என்று அவர் நினைக்கவில்லை. வேலை போகக் கூடாது, போகக் கூடாது என்றுதான் ஓடும்போதும் நினைத்துக்கொண்டிருந்தார். ஆனாலும் கால் கூடத்துக்குள்தான் ஓடியது. இந்தத் தடவை இரண்டு காலும் சொன்னபேச்சைக் கேட்டன.

கூடத்தில் எல்லாரும் எழுந்து நின்றிருந்தார்கள். உலையின் கதவுக்கு எதிரே, தண்டவாளத்தின் மேல் பெட்டி. மகனின் விரல் சுவரிலிருந்த பச்சைப் பொத்தானுக்கு அருகே.

“அமுக்காதீங்க!” என்று கத்தினார் வெண்ணெய்.

இத்தனை வருஷத்தில் அவர் அந்தக் கூடத்துக்குள் குரல் உயர்த்தியதில்லை. தன் குரலைக் கேட்டு அவரே திடுக்கிட்டார். வரிசையாக நின்ற அத்தனை முகங்களும் திரும்பின. கடைசியில், சுவரோரமாக, முதலாளியம்மாவின் முகமும்.

“என்னய்யா?” என்றான் மகன்.

“வண்டிச் சாவி... பெட்டிக்குள்ள விழுந்துடுச்சுங்க. நான் குனிஞ்சப்போ விழுந்திருக்கு. அதுல பேட்டரி இருக்கு. தப்பு என்னோடதுதான். பெட்டியைத் திறக்கணும்.”

 மகன் அவருக்கு எதிரே வந்து நின்றான். “நீங்கல்லாம் மனுஷங்கதானா? எங்கப்பாவைக் கொண்டுபோய்... உங்க சாவியைத் தேடறதுக்கு...” என்று தொடங்கி, முடிக்க முடியாமல் முதலாளியம்மாவின் பக்கம் திரும்பினான். “இந்த ஆளைத்தான் வச்சு வேலை வாங்கறீங்களா?”

அந்த வாக்கியத்தோடு தன் வேலை போய்விட்டது என்று வெண்ணெய்க்குத் தெரிந்துவிட்டது.  

வெண்ணெய் கையிலிருந்த கறுப்புப் பெட்டியை முன்னால் நீட்டினார். “இதை எடுத்துட்டேங்க. சாவின்னு நினைச்சு.”

அந்தம்மா வந்து அதை வாங்கினார். கண்ணுக்கு அருகே வைத்துப் பார்த்தார். திறந்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து மகன் பிடிக்க ஓடி வந்தான்.

“அப்போ நான் அவர் பையில போட்டுவிட்டது என்னது?” என்றார்.

யாருக்கும் புரியவில்லை.

“தோள் பக்கத்துல கறுப்பாக் கிடந்துச்சு. காலையிலேர்ந்து தேடினது கிடைச்சுடுச்சேன்னு எடுத்து, அவர் சட்டைப் பையில போட்டு, பட்டனும் மாட்டிவிட்டேனே! அங்க யாராவது கூப்பிட்டா கேக்கணுமேன்னு போட்டேனே!”

வெண்ணெய் அந்தச் சுவரை நினைத்தார். திரும்பி ஒரு பார்வை பார்த்திருந்தால் போதுமே. உலைக்காரர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். “அம்மா, இதையும் உள்ள அனுப்ப முடியாதும்மா. இதுலயும் பேட்டரி இருக்கு,” என்றார் தயங்கித் தயங்கி.

நெட்டை திருகாணிகளைக் கழற்றினான். மூடியைத் தூக்கினார்கள். பெரியவர் வைத்தது வைத்தபடி படுத்திருந்தார். தலை ஒரு துளி நகரவில்லை. சட்டைப் பை மட்டும் புடைத்திருந்தது. யார் எடுப்பது? மகன் அசையவில்லை. வெண்ணெய், “மன்னிச்சிருங்க ஐயா” என்று சொல்லி, பட்டனைக் கழற்றி, சாவியை எடுத்தார். சில்லென்றிருந்தது.

மூடியை மறுபடி போடப் போன நெட்டையின் கையை அந்தம்மா பிடித்துக்கொண்டார்.

“ராத்திரி இதைக் கழட்டி வச்சுட்டுப் படுத்தார். அப்புறம் நான் எவ்வளவோ பேசினேன். விடியக்காலையில உலுக்கி உலுக்கிக் கூப்பிட்டேன். ஒண்ணுகூட அவர் காதுல விழலை,” என்றார். பிறகு உலைக்காரரைப் பார்த்து, “திருப்பி எடுத்துடறேன். ஒரே ஒரு நிமிஷம்” என்றார்.

உலைக்காரர் தலையாட்டினார். அந்தம்மா இரண்டு காது மிஷினையும் எடுத்து, பழகின கையால், கணவரின் காதுகளில் ஒவ்வொன்றாகப் பொருத்தினார். குனிந்தார். வழக்கமாகக் கத்திப் பேசுகிறவர்தான், இப்போது கத்தவில்லை.

“ஏங்க. கேக்குதா?”

அந்தக் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் பெரியவரின் கட்டை விரலைப் பார்த்தார்கள். பார்க்கக் கூடாது என்று நினைத்தும் பார்த்தார்கள். வெண்ணெயும் பார்த்தார். மகன் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான்.

“போயிட்டு வாங்க,” என்றார் அந்தம்மா.

மிஷின்களை எடுத்து அந்தக் கறுப்புப் பெட்டியில் வைத்து மூடிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது. நெட்டை மூடியைப் போட்டுத் திருகாணிகளை முடுக்கினான். மகனும் அவரும் சேர்ந்தே பச்சைப் பொத்தானை அமுக்கினார்கள். உள்ளேயிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை.

வெளியே வந்ததும் முதலாளியம்மா கையை நீட்டினாள். வெண்ணெய் சாவியை அதில் வைத்தார். 

“என்கிட்ட ரகசியமாச் சொல்லியிருந்தா ஸ்பேர் சாவி வரவழைச்சிருப்பேன். யாருக்கும் தெரிஞ்சிருக்காது,” என்றாள்.

“உள்ள வெடிச்சிருக்கும்மா.”

“தெரியும்.” அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது. “நானா இருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு நினைச்சுப் பார்த்தேன். எனக்கே தூக்கிவாரிப் போட்டுடுச்சு.”

கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றினாள். அட்டையை உருவிக் கைப்பையில் போட்டாள். வெறும் பட்டியின் கொக்கியைச் சாவியின் ஓரத்துத் துளையில் மாட்டினாள். வெண்ணெய் என்ன நடக்கிறது என்று புரியாமல் பார்த்துக்கொண்டு நின்றார்.

“மாட்டிக்குங்கண்ணே. கயிறு வேணாம்னது நான்தானே. மகன்கிட்ட நான் பேசிக்கறேன்.”

வெண்ணெய் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். அவர் பதில் சொல்வதற்குள், பின்னால் குரல் கேட்டது. “தம்பி, என்னையும் வீட்ல விட்டுடறீங்களா?”

மகன் பதறினான். “அம்மா, நம்ம கார் இருக்கும்மா. அதுலயா போறது?”

“அவர் வந்த வண்டியிலேயே போறேன்,” என்று சொல்லிவிட்டு அந்தம்மா நெட்டையின் இடத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார். நெட்டை பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தான்.

காலைப் பார்த்துச் சொல்ல இப்போது ஆள் இல்லை. வெண்ணெய் இடது காலை மடக்கி வைத்து, பிரேக்கை மிதித்து, பொத்தானை அமுக்கினார். வண்டி அவரைத் தெரிந்துகொண்டது. சந்தை முனை போனது, வேகத்தடை போனது, பாலம் போனது. அந்தம்மா கறுப்புப் பெட்டியை இரண்டு கையாலும் மடியில் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தார். சிக்னலில் சிவப்பு விழுந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவர் திரும்பினார். “வண்டி நின்னுடுச்சா தம்பி?”

“நின்னுடுச்சுங்கம்மா. சிக்னல்.”

“நின்னதே தெரியலையே.” சற்று யோசித்தார். “அவரையும் இப்படித்தான் கூட்டிட்டு வந்தீங்களா?”

வெண்ணெய் கழுத்திலிருந்த பட்டியைத் தொட்டுக்கொண்டார். “ஆமாங்கம்மா,” என்றார். “இப்படியேதான்.”

அந்தம்மா மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பச்சை விழுந்தது. வண்டி கிளம்பியபோது, மடியிலிருந்த கையை லேசாகத் தூக்கி, அவருக்குக் கட்டை விரலைக் காட்டினார்.